இணையத்துக்குப் பட்டா கேட்டவர்கள்

எச்பி, டெல் நிறுவனங்களின் சில அலுவலக மடிக்கணினிகளில் 2025-இல் ஒரு விநோதம் வெளியே வந்தது. எச்.265 வகை வீடியோவை விரித்துக் காட்டும் சுற்று அவற்றின் சிப்புக்குள்ளேயே இருக்கிறது. சிப் செய்தவர் கொடுத்துவிட்டார்; கணினி செய்தவர் அதை முடக்கி விற்றிருக்கிறார். பிரவுசரில் சில வீடியோக்கள் ஏன் ஓடவில்லை என்று துருவிக்கொண்டு போனவர்கள், கடைசியில் நிறுவனத்தின் விவரக் குறிப்பில் அந்த வசதி முடக்கப்பட்டுள்ளதாக ஒரு வரியைக் கண்டார்கள். காரணத்தை நிறுவனங்கள் விரித்துச் சொல்லவில்லை. துறையில் இருப்பவர்களுக்குச் சொல்ல வேண்டியும் இருக்கவில்லை. எச்.265 என்றால் ராயல்டி.

அதே பிரவுசரில், அதே பக்கத்தில் இருக்கும் எழுத்துக்கு ராயல்டி கிடையாது. படத்துக்குக் கிடையாது. ஒரு பக்கத்திலிருந்து இன்னொன்றுக்குத் தாவும் இணைப்புக்கும் கிடையாது. வீடியோப் பெட்டிக்குள் மட்டும் வேறு நியாயம். இணையம் பிறந்தபோதே திறந்ததாகப் பிறந்தது, அதன் சுபாவமே அது என்று நம்மில் பலர் நினைக்கிறோம். சுபாவம் ஒன்றும் இல்லை. சிலர் சண்டை போட்டு, வக்கீல்களை உட்கார வைத்து, காகிதத்தில் எழுதி வாங்கியதால்தான் பக்கத்தின் ஒரு பாதி திறந்து கிடக்கிறது. எழுதி வாங்காத பாதியில் இன்றும் பணம் கேட்கிறார்கள்.

நிரல் எழுதியவருக்கு அந்த எழுத்தின் மேல் பதிப்புரிமை உண்டு. அதை இன்னொருவர் நகலெடுக்கக் கூடாது, அவ்வளவுதான். அதே வேலையைச் செய்யும் நிரலை இன்னொருவர் தானாக யோசித்து எழுதினால் கேட்பாரில்லை. காப்புரிமை அப்படியல்ல. அது வழிமுறையின் மேலேயே விழுகிறது. முதலில் கண்டுபிடித்தவரின் பெயரைக்கூடக் கேள்விப்படாமல், அவர் நிரலைக் கண்ணால் பார்க்காமல், நீங்களாகவே அந்த வழிக்கு வந்து சேர்ந்தாலும் மாட்டிக்கொள்வீர்கள். பொதுவாக விண்ணப்பித்த நாளிலிருந்து 20 ஆண்டு. மென்பொருள் உலகில் அது ஒரு யுகம்.

தரநிலை என்பதோ, எல்லோரும் ஒரே வழிமுறையில் போவோம் என்று கூடிப் பேசிக்கொள்வது. அதற்குள் ஒரு காப்புரிமை அகப்பட்டுவிட்டால் சுற்றிப் போக வழியில்லை. சுற்றிப் போனால் அது தரநிலையே அல்ல.

ஜிஃப் கற்றுக்கொடுத்த பாடம்

இது இணையத்துக்கு உறைத்தது 1994 கிறிஸ்துமஸ் வாரத்தில்.

அமெரிக்காவின் கம்ப்யூசர்வ் நிறுவனம் 1987-இல் ஜிஃப் என்ற பட வடிவத்தை வெளியிட்டிருந்தது. தொலைபேசிக் கம்பி வழியாக மோடத்தில் படம் வரிவரியாக இறங்கிய காலம். கோப்பு சிறியதாக இருந்தால்தான் பிழைக்கும். அதற்கு ஜிஃப் கையாண்டது எல்.இசட்.டபிள்யூ. என்ற சுருக்க முறை. கோப்பைப் படித்துக்கொண்டு போகும்போதே, மறுபடி மறுபடி வரும் தொடர்களைக் கொண்டு இது ஒரு அகராதியைக் கட்டிக்கொண்டே போகும். வானம் முழுக்க ‘நீலம், நீலம், நீலம்’ என்று எழுதாமல், அகராதியில் இத்தனையாவது பதிவு என்று ஒரு எண்ணை மட்டும் எழுதும். இதில் சாமர்த்தியம் என்னவென்றால், அந்த அகராதியைத் தனியே அனுப்ப வேண்டியதில்லை. பிரிக்கும் நிரல், வருகிற எண்களை வைத்தே அதே அகராதியைத் தானும் கட்டிக்கொள்ளும்.

ஆப்ரகாம் லெம்பெல், ஜேக்கப் ஜிவ் என்ற இரண்டு இஸ்ரேலிய ஆய்வாளர்கள் 1978-இல் போட்ட அடித்தளம் அது. ஸ்பெர்ரி நிறுவனத்தில் இருந்த டெர்ரி வெல்ச் அதைச் செப்பனிட்டு, 1984-இல் ஒரு கணினி இதழில் கட்டுரையாக எழுதினார். படித்த நிரலாளர்கள் பலர் அதைப் பொதுச்சொத்தாகவே எடுத்துக்கொண்டார்கள். யூனிக்ஸின் சுருக்க நிரலில் புகுந்தது, பிறகு ஜிஃபில் புகுந்தது. கட்டுரைக்கு ஓராண்டு முன்பே, 1983 ஜூனில், காப்புரிமைக்கு விண்ணப்பம் போய்விட்டிருந்தது. 1985 டிசம்பரில் அது கிடைத்தும் விட்டது. அடுத்த ஆண்டு ஸ்பெர்ரி, பரோஸ் என்ற நிறுவனத்தோடு சேர்ந்து யூனிசிஸ் ஆனது; காப்புரிமையும் கூடவே போனது.

1993-இல் மொசைக் பிரவுசர் பக்கத்துக்குள்ளேயே படம் காட்டத் தொடங்கியதும் வலையெங்கும் ஜிஃப் பரவியது. 1994 டிசம்பர் கடைசியில் கம்ப்யூசர்வும் யூனிசிஸும் வாய் திறந்தன: ஜிஃபைக் கையாளும் மென்பொருளை விற்பவர்கள் இனி உரிமம் வாங்க வேண்டும். ஊரே நடந்து நடந்து தடமாக்கிய ஒற்றையடிப் பாதையில், ஏழு வருடம் கழித்து ஒருவர் பட்டாவோடு வந்து நின்ற கதை. அந்த நிலத்துக்கு மதிப்பு வந்ததே ஊர் நடந்ததால்தான்.

யூனிசிஸ் சட்டப்படி தவறு எதுவும் செய்யவில்லை என்பதைச் சொல்லியாக வேண்டும். அதனால்தான் இது பெரிய விஷயம். ஒரு நிறுவனத்தின் பேராசை என்று திட்டிவிட்டுப் போயிருந்தால் வேலை அங்கேயே நின்றிருக்கும்.

அறிவிப்பு வந்த சில நாள்களிலேயே, 1995 ஜனவரி 4 அன்று, தாமஸ் பூட்டெல் என்ற நிரலாளர் ஒரு மாற்று வடிவத்தின் முதல் வரைவை இணையத்தில் வைத்தார். ஒருவரை ஒருவர் நேரில் பார்த்திராத பலர் மின்னஞ்சலிலேயே விவாதித்து, மார்ச் மாதத்துக்குள் அதை உறுதி செய்துவிட்டார்கள். அதுதான் பி.என்.ஜி. 1996 அக்டோபரில், வலைத் தரநிலைகளை வகுக்கும் உலகளாவிய வலைக் கூட்டமைப்பு அதைத் தன் பரிந்துரையாக வெளியிட்டது. சுருக்குவதற்கு, ஜிப் கோப்புகளில் ஏற்கெனவே பழக்கமான டிஃப்ளேட் முறையை எடுத்துக்கொண்டார்கள். அதற்கு யாருக்கும் பணம் தர வேண்டாம்.

எந்த பி.என்.ஜி. கோப்பையும் அதற்கான கருவியில் திறந்து முதல் எட்டு பைட்டுகளைப் பாருங்கள். முதல் பைட் 137. பழைய மின்னஞ்சல் வழிகள் எட்டாவது பிட்டைத் தின்றுவிடும். தின்றிருந்தால் இந்த எண் மாறி, கோப்பு கெட்டது தெரிந்துவிடும். அடுத்த மூன்றும் வடிவத்தின் பெயர் எழுத்துகள். அதற்கு அடுத்து வரிமுடிவுக் குறிகள். விண்டோஸ், யூனிக்ஸ் என்று இடம் மாறும்போது எந்த மென்பொருளாவது வரிமுடிவைத் ‘திருத்தி’விட்டால் அதுவும் இங்கேயே பிடிபடும். கட்டாயத்தின் பேரில் செய்த வேலையில்கூட இத்தனை அக்கறை. ஜிஃபில் 256 வண்ணம்தான், இதில் கோடிக்கணக்கில். அரைகுறையாக ஒளி ஊடுருவும் நிழல்கூட இதில் உண்டு.

ஆனாலும் தரமான பண்டம் கையில் இருப்பது வேறு, உலகம் மாறுவது வேறு. 1999-இல் யூனிசிஸ் இன்னும் ஒரு படி ஏறியது. உரிமம் பெறாத மென்பொருளில் செய்த ஜிஃப் படங்களை வைத்திருக்கும் இணையதளங்களும் 5,000 டாலர் அளவில் கட்ட வேண்டும் என்றது. கோபத்தில் அந்த ஆண்டு நவம்பர் 5-ஐ ‘ஜிஃப் எரிப்பு நாள்’ என்றே அறிவித்தார்கள். அப்போது கோலோச்சிய இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரரோ பி.என்.ஜி.யின் ஒளி ஊடுருவலை 2006-இல் ஏழாம் பதிப்பில்தான் சரியாகக் காட்டியது. எல்.இசட்.டபிள்யூ. காப்புரிமை அமெரிக்காவில் 2003 ஜூன் 20 அன்றே காலாவதியாகிவிட்டது! மாற்று முழுதாகக் கைக்கு வருமுன் நோயே போய்விட்டது. இன்று ஜிஃப் படங்களுக்கு யாரும் எதுவும் கேட்பதில்லை.

இணைப்பைக் கண்டுபிடித்தது நாங்களே

ஜிஃப் விவகாரத்தைப் பார்த்தவர்கள் தங்கள் அலமாரிகளையும் துழாவ ஆரம்பித்தார்கள். பிரிட்டிஷ் டெலிகாம் நிறுவனத்துக்கு 1970-களின் தொலைபேசித் திரைத் திட்டம் ஒன்றிலிருந்து வந்த, 1989-இல் அமெரிக்காவில் வழங்கப்பட்ட காப்புரிமை ஒன்று அகப்பட்டது. வலைப்பக்க இணைப்பே எங்கள் சொத்து என்று 2000-இல் பிராடிஜி என்ற இணையச் சேவை நிறுவனத்தின் மேல் வழக்குப் போட்டார்கள். டக்ளஸ் எங்கல்பார்ட் 1968-லேயே மேடையில் சுட்டியால் சொடுக்கித் தாவிக் காட்டிய படச்சுருள் பேசுபொருளாகி, பிரிட்டிஷ் டெலிகாம் பலரின் கேலிக்கு ஆளானது. நியூயார்க் நீதிபதி 2002 ஆகஸ்டில் வழக்கை விசாரணைக்கே விடாமல் தள்ளினார். காப்புரிமை பேசுவது ஒரு மையக் கணினியைப் பற்றி, இணையத்துக்கு அப்படி மையம் ஏதும் இல்லை என்பது அவர் சொன்ன காரணங்களில் ஒன்று.

சிரித்துவிட்டுப் போகக்கூடிய வழக்கு. அடுத்தது அப்படியல்ல.

இயோலாஸ் என்பது கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் சான் பிரான்சிஸ்கோ வளாகத்திலிருந்து கிளைத்த சின்ன நிறுவனம். வலைப்பக்கத்துக்குள்ளேயே ஓடும் செயலியைப் பொதிந்து வைக்கும் முறைக்கு 1994 அக்டோபரில் விண்ணப்பித்து, 1998-இல் காப்புரிமை பெற்றது பல்கலைக்கழகம். உரிமத்தை வைத்திருந்தது இயோலாஸ். பக்கத்துக்குள் ஓடும் ஃபிளாஷ், வீடியோ, வரைபடம் எல்லாமே இதன் கீழ் வரும் என்றார்கள். 2003 ஆகஸ்டில் சிகாகோ ஜூரி மைக்ரோசாஃப்டுக்கு விதித்த தொகை சுமார் 52 கோடி டாலர். பாதிக்கப்பட்டது மைக்ரோசாஃப்ட் என்பதால் பலருக்கு உள்ளூர மகிழ்ச்சி. வலையை உருவாக்கிய டிம் பெர்னர்ஸ்-லீக்கு இல்லை. மைக்ரோசாஃப்ட் தன் பிரவுசரை மாற்றினால் உலகத்தின் பக்கங்கள் எல்லாம் உடையும். அந்த அக்டோபரில் அவர் அமெரிக்கக் காப்புரிமை அலுவலகத் தலைவருக்கு மறு ஆய்வு கேட்டுக் கடிதம் எழுதினார். அலுவலகம் மறு ஆய்வு செய்தது. செய்துவிட்டு, காப்புரிமை செல்லும் என்றது.

2006-க்குப் பிறகு இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரரில் ஃபிளாஷ் விளையாட்டு ஆடியவர்களுக்கு நினைவிருக்கலாம். பெட்டியைச் சுற்றி ஒரு கட்டம் வரும். இயக்க ஒருமுறை சொடுக்கவும் என்று கேட்கும். அதன்பின்தான் விளையாட்டு அசையும். பயனருக்கு அதனால் நயாபைசா லாபம் கிடையாது. தானாக ஓடினால் காப்புரிமை மீறல், சொடுக்கிய பின் ஓடினால் இல்லை என்ற கணக்கில் வைத்த சொடுக்கு அது. 2007-இல் மைக்ரோசாஃப்ட் சமரசமாகப் போனது. அடுத்த ஆண்டு சொடுக்கும் போனது.

கையில் காசு வந்ததும் இயோலாஸ் 2009-இல் ஆப்பிள், கூகுள், அமேசான் என்று ஒரு பட்டாளத்தின் மேலேயே வழக்குப் போட்டது. பல நிறுவனங்கள் பணம் கொடுத்து ஒதுங்கிக்கொண்டன. ஒதுங்காதவர்களின் விசாரணை 2012 பிப்ரவரியில், டெக்சாஸின் டைலர் என்ற ஊரில். காப்புரிமை வைத்திருப்பவர்களுக்குச் சாதகமான நீதிமன்றம் என்று பேர் வாங்கிய வட்டாரம் அது. பெர்னர்ஸ்-லீ சாட்சிக் கூண்டில் ஏறினார். ஆனால் வழக்கின் உயிர்நாடி இன்னொரு சாட்சி: பெய்-யுவான் வேய். பெர்க்லியில் மாணவராக இருந்தபோது வயோலா என்ற பிரவுசரைக் கட்டத் தொடங்கியவர். பக்கத்துக்குள் ஓடும் நிரலை அதில் 1993 மே மாதமே சன் மைக்ரோசிஸ்டம்ஸ் பொறியாளர்கள் இருவருக்கு ஓட்டிக் காட்டியிருந்தார். இயோலாஸ் தரப்பு விண்ணப்பித்ததற்கு ஓராண்டுக்கும் மேல் முன்பு. பெர்க்லி எந்தப் பல்கலைக்கழகத்தின் வளாகம்? கலிபோர்னியா பல்கலைக்கழகம்தான். தன் மாணவரே முன்னால் செய்து காட்டிய ஒன்றுக்குத் தானே உரிமை கொண்டாடிக்கொண்டு அங்கே உட்கார்ந்திருந்தது. ஜூரி காப்புரிமை செல்லாது என்றது. 2013-இல் மேல்முறையீட்டு மன்றமும் அதை உறுதி செய்தது.

விண்ணப்பித்து 18 ஆண்டுக்கு மேல் ஆகியிருந்தது. இன்னும் கொஞ்சம் பொறுத்திருந்தால் தானாகவே காலாவதி ஆகியிருக்கும்.

எழுதி வாங்கிய காகிதம்

இடையில் வலைக் கூட்டமைப்புக்குள் நடந்ததுதான், என் பார்வையில், இந்தக் கதையின் நடுப்பகுதி. 2001 ஆகஸ்டில் கூட்டமைப்பு ஒரு கொள்கை வரைவை வெளியிட்டது. சில தரநிலைகளில் ‘நியாயமான, பாகுபாடற்ற’ ராயல்டி வாங்கிக்கொள்ள உறுப்பு நிறுவனங்களை அனுமதிக்கலாம் என்றது அது. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. கைபேசித் துறையில் இன்றும் அந்த ஏற்பாட்டில்தான் எல்லாம் நடக்கிறது.

பிரச்சினை எங்கே என்றால், நிரலை இலவசமாகக் கொடுப்பவரிடம். ஒரு பிரதிக்கு ஒரு ரூபாய் நியாயமான தொகை. எல்லோருக்கும் அதே ஒரு ரூபாய், பாகுபாடும் இல்லை. ஆனால் கட்டற்ற மென்பொருளை யார் எத்தனை பிரதி எடுக்கிறார்கள் என்று எழுதியவருக்கே தெரியாது. அப்படி எண்ணாமல் எடுக்கலாம் என்பதுதான் அதன் உரிமமே. எண்ண முடியாததை ஒரு ரூபாயால் பெருக்கினால் எவ்வளவு? பெரிய நிறுவனத்துக்குச் சில்லறையாகத் தெரியும் தொகை இவர்களுக்குக் கதவடைப்பு. அன்றைக்கு உலகின் வலைச் சர்வர்களில் பாதிக்கு மேல் ஓடியது அப்பாச்சி என்ற கட்டற்ற மென்பொருள். கதவு அடைபட்டிருந்தால் உள்ளே யார் மிஞ்சியிருப்பார்கள் என்று யோசித்துப் பாருங்கள்.

வரைவுக்கு எதிராகக் கடிதங்கள் குவிந்தன. கருத்துச் சொல்லும் கெடுவை நீட்டினார்கள். கட்டற்ற மென்பொருள் தரப்பினரையும் பணிக்குழுவுக்குள் அழைத்தார்கள். ஒன்றரை ஆண்டுக்கு மேல் இழுபறி. 2003 மே மாதம், கூட்டமைப்பின் இயக்குநரான பெர்னர்ஸ்-லீ முடிவை அறிவித்தார்; 2004 பிப்ரவரி 5 முதல் நடைமுறை. ஒரு தரநிலையை எழுதும் குழுவில் உட்காரும் நிறுவனம், அதற்கு இன்றியமையாத தன் காப்புரிமைகளை ராயல்டி இல்லாமல் தர ஒப்புக்கொள்ள வேண்டும். தர மனமில்லாத காப்புரிமை இருந்தால் முதல் வரைவு வந்த 150 நாளுக்குள் பெயர் சொல்லி விலக்க வேண்டும். அப்போது குழு வேறு வழி தேடிக்கொள்ளும். கடைசி வரை வாயை மூடிக்கொண்டிருந்துவிட்டுப் பிறகு பில் நீட்டும் வேலை நடக்காது.

குழுவுக்கு வெளியே இருப்பவரை இந்தக் காகிதம் கட்டாது. முடிவு அறிவித்த மூன்றே மாதத்தில் இயோலாஸ் தீர்ப்பு வந்து அதைக் காட்டிவிட்டது. ஆனாலும் உள்ளே உட்கார்ந்திருந்த ஐபிஎம், மைக்ரோசாஃப்ட் போன்ற பெருந்தலைகளே கையெழுத்துப் போட்டது சாதாரணமில்லை.

எல்லா இடத்திலும் இப்படி நடக்கவில்லை. இணையத்தின் அடித்தள நெறிமுறைகளை எழுதும் பொறியியல் பணிக்குழு, காப்புரிமையை அறிவித்துவிட்டால் போதும், மற்றதைக் குழுவே பார்த்துக்கொள்ளட்டும் என்று விட்டது. விளைவு, 2004-இல் போலி அனுப்புநரைத் தடுக்கும் மின்னஞ்சல் தரநிலைக்கான குழு, மைக்ரோசாஃப்டின் காப்புரிமை நிபந்தனைகளில் சிக்கி, ஒருமித்த முடிவே இல்லாமல் கலைந்தது.

வீடியோப் பெட்டி

இனி தொடக்கத்தில் பார்த்த அந்த வீடியோவுக்கு வருவோம். வீடியோவைச் சுருக்கும் கோடெக்குகள் வலைக் கூட்டமைப்பில் பிறக்கவில்லை. அவை பிறந்தது ஐஎஸ்ஓ, ஐடியூ போன்ற சர்வதேச அமைப்புகளில். டிவி, டிவிடி, கைபேசி நிறுவனங்களின் உலகத்தில். அங்கே ‘நியாயமான ராயல்டி’ என்பதுதான் மரபு. ஆயிரக்கணக்கான காப்புரிமைகளை ஒரே கூடையில் போட்டு வசூலிக்கத் தொகுப்பு நிறுவனங்களும் உண்டு. எச்டிஎம்எல்5-இல் வீடியோவுக்கென்று குறி வந்தபோது, தியோரா என்ற ராயல்டியற்ற கோடெக்கைப் பரிந்துரைத்தார்கள். நோக்கியாவும் ஆப்பிளும் எதிர்த்தன. யார் கண்ணிலும் படாமல் கிடந்து பின்னால் மேலெழும் காப்புரிமைகள் அதில் இருக்கலாம் என்பது ஆப்பிளின் வாதம். 2007 டிசம்பரில் அந்த வரி வரைவிலிருந்து நீங்கியது. கடைசியில் எந்தக் கோடெக்கையும் கட்டாயமாக்காமலேயே தரநிலை வெளிவந்தது. பெட்டி எல்லோருக்கும் பொது, பெட்டிக்குள் இருப்பது பொதுவல்ல.

இது எவ்வளவு கோணலாகப் போனது என்று பார்க்க ஃபயர்பாக்ஸ் போதும். அதன் துணைநிரல் பக்கத்தில் செருகிகளைத் திறந்தால், எச்.265-க்கு முந்தைய கோடெக்கான எச்.264-க்கென்று ‘ஓபன் எச்.264’ என்று ஒன்று இருக்கும். சிஸ்கோ வழங்கியது என்று போட்டிருக்கும். பிரவுசர் மொசில்லாவினுடையது, அந்தத் துண்டு மட்டும் சிஸ்கோவின் சர்வரிலிருந்து தனியே இறங்குகிறது. அதன் மூல நிரல் திறந்தே கிடக்கிறது, யாரும் எடுத்துத் தொகுக்கலாம். தொகுத்தால் ராயல்டி உங்கள் தலையில். சிஸ்கோ 2013-இல் சொன்னது, தான் தொகுத்துத் தானே வழங்கும் பிரதிக்கு மட்டும் பணம் கட்டுவதாக. ஆண்டு உச்சவரம்பு அப்போது 65 லட்சம் டாலர். அதற்கு மேல் எத்தனை பிரதி போனாலும் கூடுதல் கிடையாது என்பதால் அது கட்டுப்படியானது. பைட்டுக்கு பைட் ஒரே நிரல்தான். சிஸ்கோவின் கையிலிருந்து வந்தால் சுத்தம், உங்கள் கையில் தொகுத்தால் தீட்டு.

அடுத்து வந்த எச்.265-க்கு ஒரு வசூல்காரர் போய் மூன்று தொகுப்புகள் முளைத்தன; எதிலும் சேராத உரிமையாளர்கள் வேறு. மொத்தம் எவ்வளவு கட்டினால் விடுதலை என்று யாராலும் சொல்ல முடியவில்லை. பேராசை தனக்கே குழி தோண்டிய இடம் இது. அமேசான், சிஸ்கோ, கூகுள், இன்டெல், மைக்ரோசாஃப்ட், மொசில்லா, நெட்ஃபிளிக்ஸ் ஆகிய ஏழும் 2015 செப்டம்பரில் கூட்டணி அமைத்தன. 2018 மார்ச்சில் ராயல்டி இல்லாத ஏவி1 கோடெக் வந்தது. இவர்களில் பலர் தங்கள் காப்புரிமைகளை மற்ற இடங்களில் காசாக்குபவர்கள்தான். தர்மசிந்தனையில் கூடியவர்கள் அல்ல. கொடுக்க வேண்டிய தொகை, வரக்கூடிய தொகையை மிஞ்சியபோது கூடினார்கள். அடுத்த ஆண்டே சிஸ்வெல் என்ற தொகுப்பு நிறுவனம், ஏவி1-லும் எங்கள் தரப்புக் காப்புரிமைகள் இருக்கின்றன என்று வந்துவிட்டது.

நம் சட்டம்

எந்த வீடியோவைக் கொடுத்தாலும் ஓட்டும் விஎல்சி, பிரான்ஸில் பிறந்தது தற்செயல்தான். பிழைத்தது தற்செயல் அல்ல. தங்கள் நாட்டுச் சட்டம் மென்பொருள் காப்புரிமையை ஏற்பதில்லை என்பதை அதன் அமைப்பினர் வெளிப்படையாகச் சொல்லிவருகிறார்கள். ஐரோப்பா முழுக்க அதை மாற்றக்கூடிய ஒரு சட்ட வரைவை 2005 ஜூலையில் ஐரோப்பிய நாடாளுமன்றம் 648-க்கு 14 என்ற கணக்கில் தூக்கி எறிந்தது.

அதே ஆண்டு டெல்லியிலும் ஒரு முடிவு எடுக்கப்பட்டது, அவ்வளவு சத்தமில்லாமல். நம் காப்புரிமைச் சட்டத்தின் 3(கே) பிரிவு, கணிதமுறை, வணிகமுறை, அல்காரிதம், கணினி நிரல் என்ற அளவில் நிற்கும் நிரல் ஆகியவற்றுக்குக் காப்புரிமை இல்லை என்கிறது. 2004 டிசம்பரில் வந்த அவசரச் சட்டம் அதைத் தளர்த்தப் பார்த்தது: தொழில்துறைப் பயன்பாடோ வன்பொருள் சேர்க்கையோ இருந்தால் தரலாம் என்று. எல்லோர் கவனமும் மருந்துக் காப்புரிமையில் இருந்த நேரம். இடதுசாரிகள் எதிர்க்க, 2005 மார்ச்சில் நிறைவேறிய சட்டத்தில் அந்த வாசகம் இல்லை.

சட்டம் மாறவில்லை என்பதால் எதுவும் மாறவில்லை என்று பொருளல்ல. 2015-இல் காப்புரிமை அலுவலகம் வெளியிட்ட வழிகாட்டுதல் வாசலை அகலமாகத் திறந்தது. எதிர்ப்பு கிளம்பி அதை நிறுத்தி வைத்தார்கள். 2016-இல் புதிய வன்பொருளும் வேண்டும் என்று இறுக்கினார்கள். 2017-இல் அந்த நிபந்தனையை எடுத்துவிட்டார்கள். நாடாளுமன்றம் எழுதியதை, சென்னை உட்பட நான்கு ஊர்களில் உள்ள அலுவலகங்களின் பரிசோதகர்கள் எப்படி வாசிக்க வேண்டும் என்று இப்படி மாற்றி மாற்றிச் சொல்கிறார்கள். விண்ணப்பம் எழுதும் வக்கீல்களும் ‘நிரல்’ என்று எழுதுவதில்லை. ‘அமைப்பும் முறையும்’ என்று எழுதி, தொழில்நுட்ப விளைவு ஒன்றைச் சேர்த்துவிடுகிறார்கள். நீதிமன்றங்களும், தொழில்நுட்ப விளைவு இருந்தால் பரிசீலிக்கலாம் என்ற பக்கமே சாய்ந்து வருகின்றன.

அரசு தன் கணினிப் பணிகளுக்கு என்று 2010 நவம்பரில் ஒரு திறந்த தரநிலைக் கொள்கையை அறிவித்தது. தரநிலை ராயல்டியற்றதாக இருக்க வேண்டும் என்கிறது அது. வலைக் கூட்டமைப்பு ஏழு ஆண்டு முன்பு எடுத்த அதே நிலை. தொழில் அமைப்புகளின் எதிர்ப்பைத் தாண்டி வந்தது. ஆனால் பொருத்தமானது கிடைக்காத இடத்தில் ‘நியாயமான, பாகுபாடற்ற’ ராயல்டியுள்ள தரநிலையை எடுத்துக்கொள்ள ஒரு விலக்கும் அதிலேயே இருக்கிறது. அந்த விலக்கு எந்தத் துறையில், எந்தத் தரநிலைக்கு, யார் கேட்டுக் கொடுக்கப்படுகிறது என்பதைத்தான் இனி கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் ஒரு மனு அதற்குப் போதும்.